டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா?



ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விழுந்துவிட்டால், கங்கைகொண்டான் வட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வந்துவிடும். சிற்றாற்றுப் பக்கம் பிசானத்துக்குத் தொழி அடிக்க வேண்டும். கரிசல் காட்டுக்காரருக்கோ ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். அன்றைக்குப் பார்த்துத்தான், "வண்டி எடுக்கவே மாட்டேங்கு சார்" என்று வந்து நிற்பார்கள். வீட்டில் நிற்பது இருபது, முப்பது வருஷத்துப் பழைய டிராக்டர். வாடகை வண்டியும் அன்று கிடைக்காது. திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் பதம் போய்விடும். ஆகவே நீங்களே பார்த்துச் சரி செய்யக் கூடியவற்றை இன்று சொல்கிறேன்.

"இக்னிஷன் போச்சு, பிளக்கைப் பாருங்க" என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்த பெர்குசன் டி.இ. 20 டிராக்டர்களில் பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்கள் உண்டு. அவற்றுக்குப் பிளக் வேண்டும். நம் வயல்களில் ஓடுவது டீசல் வண்டி. அதில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்தும்போது அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்றுக் கலக்காத டீசல் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் கோளாறு.

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றவில்லையா? முன் விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். விளக்கு மங்கி அணையப் போனால் பாட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்து, சத்தமே இல்லாமல் இருந்தால் சுவிட்ச், சோலனாய்டு, அவற்றுக்குப் போகும் வயர் இவற்றைப் பாருங்கள். சில வண்டிகளில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். கியர் கம்பியை ஒரு முறை ஆட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் எர்த் வயரை முதலில் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். ஆப்பச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அந்தத் தண்ணீர் பாட்டரிக்குள் போய்விடக் கூடாது. துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக்க முடுக்கிய பிறகு வாஸ்லின் தடவுங்கள். எர்த் வயரைக் கடைசியாக மாட்டுங்கள். இதே எர்த் வயரின் மறுமுனை வண்டிச் சட்டத்தில் முடுக்கியிருக்கும். அதை யாரும் பார்ப்பதே இல்லை! தொழி அடிக்கும்போது கேஜ் வீல் வாரி இறைக்கும் சேறு அங்கே போய் அப்பி, துருப்பிடித்து, புதுப் பாட்டரி வாங்கிப் போட்டாலும் வண்டி எடுக்காது. பாட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால், கீழே நின்றுகொண்டே ஸ்குரூ டிரைவரை ஸ்டார்ட்டரின் இரண்டு முனையிலும் வைத்துத் தொட்டு எடுப்பது நம்மவர்கள் பழக்கம். அப்படிச் செய்யும்போது நியூட்ரல் பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது. வண்டி கியரில் கிடந்தால் எஞ்சின் பிடித்த மறு நொடி நகரும். தொடுகிறவர் நிற்பதோ பெரிய சக்கரத்துக்கு நேர் முன்னால். விலகுவதற்கு நேரம் இருக்காது. எவ்வளவு அவசரமானாலும் இது வேண்டாம். ஸீட்டில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் டிரைவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சுவிட்ச் ஒன்றும் பெரிய விலை இல்லை.

சரி, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. நிறுத்துவதற்கு இழுத்த ஸ்டாப் கம்பி உள்ளே போகாமல் நிற்கிறதா? டாங்க் அடியில் உள்ள குழாய் மூடியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், பல நேரம் இதுதான். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. பாட்டரி சோர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும், டீசலில் தண்ணீர் இருந்தாலும் இப்படி ஆகும்.

டாங்கைக் காலி ஆக ஓட்டியவருக்கு 'ஏர் பிடிப்பது' நன்றாகத் தெரியும். பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது முடுக்குங்கள். பிறகு பெரிய பம்பின் ஸ்குரூவிலும் அதே மாதிரி. அப்புறமும் பிடிக்காவிட்டால் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுற்ற விட்டு, டீசல் கசிந்ததும் முடுக்கிவிடுங்கள். கசியும் இடத்தில் விரல் வைக்கக் கூடாது. அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். போய்விட்டால் சிறு புள்ளிதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். ஒரு நிமிஷம் ஆற விட்டு மறுபடி போடுங்கள். இவ்வளவும் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் பம்பிலோ நாசிலிலோ பழுது இருக்கலாம். அவற்றை வயலில் வைத்துப் பிரிக்காதீர்கள். தூசு ஒரு துளி போனாலும் கெட்டுவிடும் நுட்பமான பாகங்கள் அவை. கழற்றிய குழாய் முனைகளைச் சுத்தமான பாலிதீன் தாளால் கட்டி, டீசல் பம்பு பட்டறைக்குக் கொண்டு போங்கள்.