மருத்துவர்களின் மனபாரம்
(பொம்மையார்பாளையம் கூடுகையில் பேசியது)

கொரோனா நாட்களில் டாக்டர்கள் வியாதிக்கு மட்டுமா பயந்தார்கள்? 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் அந்நோயால் மரித்தார். அவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. நள்ளிரவில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார், ஊழியர் இருவரோடு திரும்பி வந்து, தாமே மண் தள்ளி அடக்கம் செய்தார்.

அந்த வாரம் எங்கள் டாக்டர்களிடம் நாங்கள் வசனம் சொன்னோம், மரியாதைக்குத் தலையசைத்தார்கள். “தூங்கினீர்களா, டாக்டர்?” என்று கேட்டபோதுதான் பேச்சு வந்தது. பிள்ளையைத் தொடப் பயந்து மாடியில் தனியே படுத்ததை ஒருவர் சொல்லி அழுதார். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். அதன்பின் இரவு டியூட்டி முடியும் நேரத்தில் பிளாஸ்க்கில் டீயோடு போய் உட்கார்ந்தோம், ஆறடி தள்ளித்தான்.