வாட்ஸ்அப்பிலும் ஒரு ஊர், ஒரு சேரி

(பண்ருட்டியில் ஆசிரியர், மாணவர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, நான் வங்கியில கிளார்க். வாத்தியார் இல்ல. ஆனா உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வர்ற நம்ம புள்ளைங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடம் வாட்ஸ்அப்புக்குப் போச்சு. முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டில் இருக்கறது ஒரே போன். அதுவும் அப்பாவோட வேலைக்குப் போயிடும். அம்பேத்கர் பள்ளியில் தனிக் கோணியில் உட்கார வைக்கப்பட்டார். இந்தப் புள்ளைக்கு அந்தக் கோணியும் இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்விதான் தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியது.

போன் இருந்தாலும் சாதி விடுதா? போன வருஷம் ஒரு பையன் வந்தான். வகுப்புக் குழுவில் உதவித்தொகைப் பட்டியலைப் போட்டிருக்காங்க, பேருக்குப் பக்கத்துலயே சாதியோட. மறுநாள் பெஞ்சில் கூட உட்கார்ந்தவன் இடம் மாறிட்டான். "கணக்கே வேணாம் சார்" என்றான். அவனைச் சமாதானப்படுத்திக் கையெழுத்து வாங்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

ஆசிரியத் தோழர்களே, பாடக் குறிப்பு, வீடியோ எல்லாம் உங்க குழுக்களில் பகிர்ந்து கத்துக்கிறீங்க. நல்லது. இதையும் அங்கே பேசுங்க: சாதிப் பட்டியலைக் குழுவில் போடக்கூடாது, போன் இல்லாத புள்ளையின் வீட்டுக்கு நடந்து போகணும்.

1907இல் அயோத்திதாசர் ஒரு பைசாவுக்குப் பத்திரிகை கொடுத்தார். இன்றைக்குப் பாடத்தின் விலை ஒரு செல்போன் என்றால், அதை யார் கொடுப்பது?