வெந்நீர் வரும்வரை ஓடும் தண்ணீர்
(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

நான் வங்கியில் இருந்தவன், படித்தது பி.காம். பிளம்பிங் எனக்குத் தூரம். கணக்கு மட்டும் சொல்கிறேன்.

மொட்டைமாடி சோலார் தொட்டியிலிருந்து முதல் மாடிக் குளியலறைவரை குழாய் ஏறக்குறைய 20 மீட்டர். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். ஆக 5 லிட்டர் ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கிறது. விடிகாலையில் முதலில் திறப்பவர் அதைக் கீழே விட்டால்தான் வெந்நீரைப் பார்க்கலாம். அவர் குளித்த கையோடு அடுத்து வருபவருக்கு உடனே கிடைக்கும். "எங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லையே" என்பவர் அவர்தான்!

வீட்டுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 வீட்டுக்கு 480. இருபத்தைந்தே நாளில் 12,000 லிட்டர், அதாவது ஒரு முழு டேங்கர் லாரி. கோடையில் அந்த லாரிக்கு எத்தனை போன் போடுகிறோம்?

குழாய்க்கு இன்சுலேஷன் உறை போட்டால் விடியும்வரை சூடு நிற்காது. அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒருவர் குளித்து அரைமணி கழித்து இன்னொருவர் வந்தால் தண்ணீர் ஆறியிருக்காது. செலவில் நாங்கள் ஏன் பங்கு தரவேண்டும் என்று மேல்மாடிக்காரர்கள் கேட்கிறார்கள். லாரித் தண்ணீர்ப் பணத்தை மாடி பார்த்தா பிரிக்கிறோம்?

கீஸர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். நாளுக்கு ஒரு தடவை என்றாலே இரண்டு மாதத்தில் 60 யூனிட். ரீடிங் 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம் என்று நினைக்காதீர்கள். 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலையும் போய்விடும். பில்லில் 200 ரூபாய்க்கு மேல் அதிலேயே ஏறும்.

இன்னொன்று. ஒற்றைக் கைப்பிடிக் குழாயை நடுவில் வைத்துக் கை கழுவுகிறோம். வெந்நீர் கைக்கு வந்து சேர்வதற்குள் மூடிவிடுகிறோம். வந்தது பாதி வழியில் நின்று ஆறுகிறது. கைப்பிடியைக் குளிர்ந்த பக்கம் தள்ளி வைக்கக் காசு கிடையாது.

அடுத்த ஞாயிறுவரை, காலையில் வெந்நீர் வரும்வரை விழும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். எத்தனை மணி, எத்தனை லிட்டர் என்று செக்யூரிட்டி மேசையிலுள்ள நோட்டில் எழுதுங்கள். பிடித்த தண்ணீரில் துணி ஊறவைக்கலாம். நோட்டைப் பார்த்தபிறகு கொட்டேஷன் கேட்போம்.