வீரமும் பீரங்கியும்: கி.பி. 1453



ஐரோப்பாவின் இடைக்காலம் எந்த ஆண்டில் முடிவுற்றது என்று கேட்டால், வரலாற்று ஆசிரியர் பலர் கி.பி. 1453 என்று விடை பகர்வதுண்டு. ஒரு யுகம் ஓர் ஆண்டிலே முடிந்துவிடுவதில்லை என்பதை அவர்களும் அறிவார்கள். வயலில் நெல் எந்த நாளில் முற்றியது என்று உழவனைக் கேட்டால் அவன் நகைப்பான். ஆயினும் அறுவடைக்கென ஒரு நாள் உண்டென்பதை அவனும் மறுக்கமாட்டான். நெடுங்காலமாக முற்றி வந்த பல காரியங்கள் ஒருங்கே அரிவாளுக்கு வந்த ஆண்டு 1453.

அவ்வாண்டு மே மாதத்தில், கிழக்கே, கொன்ஸ்தாந்திநோபிள் நகரம் வீழ்ந்தது. அதனோடு உரோமப் பேரரசின் எஞ்சிய கிளையும் மறைந்தது. ஜூலை மாதத்தில், மேற்கே, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337 முதல் விட்டுவிட்டு நிகழ்ந்த நூறாண்டுப் போர் தன் கடைசிச் சமரைக் கண்டது. இவ்விரு களங்களுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரம். ஒன்றிலே போரிட்டவர் மற்றதிலே போரிட்டவரை அறியார். இருந்தும் ஈரிடத்தும் வழக்கைத் தீர்த்து வைத்தது பீரங்கியே. வீரம் இருபக்கத்திலும் இருந்தது. தொழில் அறிந்தவனை மதித்து, அவனுக்குக் கூலியும் பொருளும் கொடுத்த பக்கமே வென்றது. இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் கிழக்கே செல்வோம். கி.பி. 330இல் கொன்ஸ்தாந்தைன் மன்னன் நிறுவிய அந்நகரம் மூன்று பக்கம் நீரால் சூழப்பெற்றது. நிலத்தை நோக்கிய நான்காவது பக்கத்தில், ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பெருமதில் நின்றது. அகழி, புறமதில், அகமதில் என்று மூன்று அரண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன. 1204ஆம் ஆண்டிலே சிலுவைப் போர் வீரர் இந்நகரைக் கைப்பற்றிச் சூறையாடியபோதும் கடற்பக்கத்து மதிலை ஏறியே உட்புகுந்தனர். அந்தக் கொள்ளையிலிருந்து நகரம் பின்னர் ஒருபோதும் தேறவில்லை. 1453இல் அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய 50,000 பேரே. மதிலுக்குள்ளே வயல்களும் பாழிடங்களும் இருந்தன. பேரரசன் பதினோராம் கொன்ஸ்தாந்தைனுக்குப் பட்டம் பெரிது; பண்டாரமோ வெறிது.

எதிரே நின்றவர் உதுமானியச் சுல்தான் இரண்டாம் முகம்மது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. 1452இல் பொஸ்பரஸ் நீரிணை மிக ஒடுங்கிய இடத்திலே, ரூமெலி ஹிசார் என்னும் கோட்டையைச் சில மாதங்களுக்குள் கட்டி முடித்து, அங்கே பீரங்கிகளை நிறுத்தினார். அவ்வாண்டின் இறுதியில், நிற்குமாறு இட்ட கட்டளையை மதியாத வெனிஸ் கப்பல் ஒன்று அக்கோட்டையிலிருந்து வந்த குண்டினால் மூழ்கிற்று. கருங்கடலிலிருந்து நகருக்குத் தானியம் வரும் வழி அத்துடன் அடைபட்டது.

இந்நிலையில்தான் ஊர்பன் என்னும் ஹங்கேரி நாட்டு வார்ப்புத் தொழிலாளி நம் கதைக்குள் வருகிறான். அக்காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியர் டூக்காஸ் அவன் வரலாற்றைச் சொல்லியிருக்கிறார். ஊர்பன் முதலிலே பேரரசனிடமே சென்று தன் தொழிலை விற்க முன்வந்தான். பேரரசன் அவனுக்கு ஒரு சிறு படி விதித்தான். அதையும் ஒழுங்காகக் கொடுக்க இயலவில்லை. வறுமை தாங்காத அத்தொழிலாளி சுல்தானிடம் போனான். சுல்தான் உணவும் உடையும் பொருளும் நிறையக் கொடுத்தார். அக்கொடையிற் காற்பங்கைப் பேரரசன் கொடுத்திருப்பின் அவன் நகரை விட்டு நீங்கியிருக்கமாட்டான் என்று டூக்காஸ் மனம் வெதும்பி எழுதுகிறார்.

சுல்தான் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: அந்நகரின் மதிலை உடைக்கவல்ல பீரங்கியை உன்னால் வார்க்க முடியுமா? முடியும் என்றான் ஊர்பன். அத்ரியானோபிள் நகரிலே வார்க்கப்பட்ட அவனுடைய பெரும் பீரங்கி ஏறக்குறைய 27 அடி நீளம் உடையது. அது எறிந்த கற்குண்டு 1,200 இறாத்தல் நிறையுடையது என்பர். அதனை இழுத்து வர 60 எருதுகளும், வண்டி சரியாதபடி இருமருங்கும் தாங்கிவர 200 ஆட்களும் வேண்டியிருந்தனர். முன்னே தச்சர்களும் கூலியாட்களும் சென்று பாதையையும் பாலங்களையும் செம்மை செய்தனர். போர் என்றாற் குதிரையும் வாளும் என்று எண்ணிய காலத்தில், வார்ப்பவன், தச்சன், வண்டிக்காரன் ஆகியோரின் போராக இது மாறிவிட்டது.

ஏப்ரில் மாதத் தொடக்கத்தில் முற்றுகை ஆரம்பமாயிற்று. சுல்தானின் படை 80,000 பேரளவில் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. நகரத்திலே ஆயுதம் ஏந்தத்தக்க கிரேக்கர் 5,000 பேர்கூட இல்லை. வெளியிலிருந்து வந்து உதவியவர் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களுள் ஜெனோவாவைச் சேர்ந்த ஜுஸ்தினியானி என்னும் தளபதி 700 வீரருடன் சனவரியில் வந்து சேர்ந்திருந்தான். பெரும் பீரங்கி சூடாறி மீண்டும் வெடிக்க நெடுநேரம் ஆகும்; நாளொன்றுக்கு ஏழு முறையே அது முழங்கிற்று. பகலில் உடைந்த மதிலை இரவிலே நகரமாந்தர் மண்ணும் மரமும் பீப்பாய்களும் கொண்டு அடைத்தனர். பெண்களும் சிறுவரும் மண் சுமந்தனர்.

பொற்கொம்பு எனப்படும் துறைமுகத்தின் வாயிலில் ஓர் இரும்புச் சங்கிலி குறுக்கே கட்டப்பட்டிருந்தது. சுல்தானின் கப்பல்கள் அதனைக் கடக்க முடியவில்லை. ஏப்ரில் 22ஆம் நாள், எழுபது அளவான கப்பல்களைக் கரையேற்றி, கொழுப்புப் பூசிய மரங்களின்மேல் குன்றைக் கடந்து இழுத்துச் சென்று, மறுபுறத்திலே துறைமுகத்துள் இறக்கினர். மதிலிலே நின்று இதைக் கண்டவர்களின் மனநிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில், பெரிய நூல்களில் ஓரிரு வரிகளிலே சொல்லப்படும் ஒரு செய்தியை நான் விரித்துக் கூற விரும்புகிறேன். வெனிஸ் நாட்டு உதவிக் கப்பற்படை வருகிறதா என்று பார்த்துவர, மே 3ஆம் நாள் இரவு, பன்னிருவர் ஒரு சிறு மரக்கலத்தில் துருக்கியர்போல் வேடம் பூண்டு புறப்பட்டனர். ஏறக்குறைய மூன்று வாரம் தேடியும் ஒரு பாயும் கண்ணிற் படவில்லை. இனிச் செய்வது என்ன என்று அவர்கள் கூடி ஆராய்ந்தனர். நகரம் வீழ்வது உறுதி. திரும்புவது சாவுக்குச் செல்வது. ஆகவே தப்பிவிடலாம் என்றான் ஒருவன். ஏனையோர் இணங்கவில்லை. பார்த்துவந்து சொல்வதாக வாக்களித்தோம். சொல்லவேண்டியது கடமை என்றனர். மே 23ஆம் நாள் திரும்பி வந்து, உதவி இல்லை என்ற செய்தியைப் பேரரசனிடம் ஒப்புவித்தனர்.

மே 29, செவ்வாய்க்கிழமை, விடியுமுன் இறுதித் தாக்குதல் தொடங்கியது. அலை அலையாக வந்த படைகளுள் கடைசியில் வந்தோர் ஜானிசரி வீரர். ஜுஸ்தினியானி காயமுற்றுக் களத்தை விட்டு அகற்றப்பட்டான். அவனைச் சூழ நின்றோர் மனம் கலங்கினர். மதில் உடைந்த வழியே படை புகுந்தது. பேரரசன் போரிட்டே மடிந்தான். நகரம் சூறையாடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். பின்னர்ச் சுல்தான் பல இடங்களிலிருந்து மக்களைக் கொணர்ந்து குடியேற்றி, கிரேக்கத் திருச்சபைக்குத் தலைவர் ஒருவரையும் அமர்த்தி, அந்நகரைத் தம் தலைநகராக்கினார் என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும்.

செய்தி ஜூன் 29ஆம் நாளில் வெனிஸ் நகரை எட்டியது. பதினெட்டு நாட்களின் பின், ஜூலை 17ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கிலே மற்றொரு முடிவு வந்தது.

போர்தோ நகரமும் அதன் சூழலும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஆங்கில மன்னருக்கு உரியவையாய் இருந்தன. அதன் திராட்சை இரசம் இங்கிலாந்துக்கே போயிற்று. 1451இல் பிரெஞ்சுப் படை அதனைக் கைப்பற்ற, நகரத்தார் அடுத்த ஆண்டிலே ஆங்கிலேயரைத் திரும்ப அழைத்தனர். வந்தவர் ஜோன் டால்பொட் என்னும் முதிய தளபதி. அறுபது வயதைக் கடந்தவர். அவர் பெயர் கேட்டாலே பிரெஞ்சு வீரர் நடுங்கிய காலமும் உண்டு.

பிரெஞ்சு மன்னன் ஏழாம் சார்ள்ஸிடமோ ழான் பூரோ என்பவர் இருந்தார். அவர் குலப்பெருமையால் உயர்ந்த பிரபு அல்லர். கணக்கும் கருவூலமும் அறிந்த அலுவலர். பீரங்கிப் படையை ஒழுங்குபடுத்துவதே அவர் பணி. கஸ்தியோன் என்னும் ஊரை முற்றுகையிட வந்தபோது, அவர் முதலிலே தம் பாசறையைச் சுற்றி அகழி தோண்டி, மண்மேடு எழுப்பி, சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய 300 பீரங்கிகளை நிறுத்தினார்.

டால்பொட் காலாட்படையின் பெரும்பகுதி வந்து சேருமுன் விரைந்து வந்தார். பாசறையிலிருந்து புழுதி எழுவதைக் கண்டோர் எதிரி ஓடுகிறான் என்றனர். உண்மையில் அப்பாலே கொண்டுசெல்லப்பட்ட குதிரைகள் எழுப்பிய புழுதி அது. டால்பொட் தாக்கக் கட்டளையிட்டார். முன்பு சிறைப்பட்டு விடுதலை பெற்றபோது, பிரெஞ்சு மன்னனுக்கு எதிராக இனிக் கவசம் அணிவதில்லை என்று வாக்களித்திருந்தாராம்; அதனாற் கவசமின்றியே களத்தில் நின்றார். நெருங்கி வந்தோரைப் பீரங்கிகள் வரிசை வரிசையாகச் சாய்த்தன. அவருடைய குதிரை குண்டுபட்டு வீழ, அதன்கீழ் அகப்பட்ட கிழவீரரை ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றான். ஒக்டோபர் 19ஆம் நாள் போர்தோ பணிந்தது. பிரான்சிலே ஆங்கிலேயருக்கு எஞ்சியது கலே துறைமுகமும் அதன் சுற்றுப்புறமுமே. ஓகஸ்டிலே ஆங்கில மன்னன் ஆறாம் ஹென்றி சித்தம் கலங்கினான். இரண்டாண்டுகளிலே அந்நாட்டுப் பிரபுக்கள் தமக்குள்ளே வாளெடுத்தனர்.

இவ்விரு முடிவுகளையும் நோக்கும்போது மூன்றாவதான ஓரிடமும் நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டுகளில், ஜெர்மானிய நகரமான மைன்சிலே, குட்டன்பர்க் என்னும் உலோகத் தொழிலாளர் ஈயக்கலவையை உருக்கி அச்செழுத்துக்களை வார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் நாள் குறிக்கப்பெற்று இன்றும் கிடைக்கும் மிகப் பழைய அச்சுத்தாள்கள் 1454ஆம் ஆண்டின. துருக்கியருக்கு எதிராகச் சைப்பிரஸ் தீவைக் காக்கப் பொருள் உதவியோருக்கு வழங்கிய பாவமன்னிப்புப் பத்திரங்கள் அவை. கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சி அச்சுப் பொறிக்கும் வேலை கொடுத்தது.

ஒரு பழைய கருத்தையும் இங்கே திருத்திக்கொள்ளல் நன்று. துருக்கியர் வழியை அடைத்ததனாலேயே போர்த்துக்கேயர் கடல்வழி தேடினர் என்று பாடநூல்கள் பல சொல்லி வந்தன. போர்த்துக்கேயர் சியூட்டாவைக் கைப்பற்றியது 1415இல். ஆபிரிக்கக் கரையோரமாக அவர்கள் தெற்கே செல்லத் தொடங்கியதும் 1453க்கு முன்னரே. மிளகும் கறுவாவும் அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் நகருக்குப் பின்னரும் சென்றுகொண்டே இருந்தன. எனினும் கஸ்தியோனிலும் கொன்ஸ்தாந்திநோபிளிலும் தன் வலிமையைக் காட்டிய பீரங்கி கப்பலில் ஏறியது. 1453இல் கோட்டையிலே ஆறாம் பராக்கிரமபாகு அரசு புரிந்தான். அவன் அனுப்பிய செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தை அதற்குச் சில ஆண்டுகளின் முன் வென்றிருந்தான். அவர்கள் கண்டிராத அக்கப்பல்கள் 1505இல் நம் கரைக்கு வந்தன.

டால்பொட்டின் வீரமும் கொன்ஸ்தாந்தைனின் வீரமும் பொய்யல்ல. ஆனால் வாயிலுக்கு வந்த தொழிலாளியை வெறுங்கையோடு அனுப்பும் நிலைக்கு ஒரு நாடு வந்துவிட்டபின், அதன் மன்னன் மதிலின்மேல் நின்று உயிர் கொடுப்பதால் மதில் நிலைப்பதில்லை. 1453இன் கணக்கு அவ்வளவு கடுமையானது. அக்கணக்கில் அடங்காதவர்களும் அவ்வாண்டில் இருந்தனர். தோல்வியென்று தெரிந்தும், சொன்ன சொல்லைக் காக்க, வீழப்போகும் நகரை நோக்கிப் படகைத் திருப்பிய அப்பன்னிருவரையும் வரலாற்றைக் கற்போர் மறவாதிருப்பார்களாக.