சொந்தக் காரும் ஊர்ப் பஸ்ஸும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சு எதைப்பற்றியதாயினும், அதன் முடிவில் ஒரு கேள்வி வந்தே தீரும். "எப்பொழுது ஊருக்கு வருகிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. முன்பெல்லாம் இதற்கு விடை கூறுமுன் பஸ் நேரத்தையும் புகைவண்டி நேரத்தையும் விசாரிக்க வேண்டியிருந்தது. இன்றோ நம்மிற் பலர், "சனிக்கிழமை விடியற்காலை காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம்" என்று சொல்லிவிடுகிறோம். இம்மாறுதலால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

நாங்கள் வாழ்வது பாலக்காட்டில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி. சொந்த ஊரோ கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். ஆகவே கேரளத்தின் இரண்டு வாயில்களும் எங்களுக்குப் பழக்கமானவை. ஒன்று பாலக்காட்டுக் கணவாய். மற்றொன்று இடுக்கி மலை.

இவ்விரண்டு வாயில்களும் இயல்பில் முற்றிலும் வேறுபட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி நின்று வழிவிடுகின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் வணிகரும் அவ்வழியே வந்து போயினர். 1860-களிலேயே புகைவண்டிப் பாதையும் அவ்வழியே அமைந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டிற்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மேடு ஏறுவதே தெரியாது.

இடுக்கியின் நிலை வேறு. அம்மாவட்டத்தில் இன்றும் இருப்புப் பாதை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து அங்குச் செல்வோர் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய நான்கு சாலைகளையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மதுரை–போடி அகலப் பாதையில் 2023 ஜூன் மாதம் ரயில் ஓடத் தொடங்கிற்று. எனினும் மலையடிவாரத்தோடு அது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சாலைதான் கதி.

1956 நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் மொழிவாரியாக வகுக்கப்பட்டன. அந்த எல்லைக்கோடு மக்களின் அன்றாட வாழ்வை அறுத்துவிடவில்லை. சித்தூர்த் தாலுக்காவிலும் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இடுக்கியில் விளையும் ஏலக்காய் போடியில் ஏலம் போகின்றது. ஒட்டன்சத்திரத்துச் சந்தைக் காய்கறி கேரளத்து அடுப்புகளில் வேகின்றது. பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்குள் பாய்கின்றது. பரம்பிக்குளம் என்னும் புலிகள் காப்பகம் கேரள மண்ணில் உள்ளது. ஆயினும் சாலை வழியே அங்குச் செல்ல வேண்டுமானால், பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டிற்குள் புகுந்துதான் செல்ல வேண்டும். இத்தகைய இடத்தில் பிரயாணம் என்பது பொழுதுபோக்கு அன்று. அது பிழைப்பு, உறவு, சில வேளைகளில் கடமை.

எங்கள் பழைய பிரயாணத்தைச் சொல்லுகிறோம். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒரு பஸ். அங்கிருந்து உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கோ வத்தலக்குண்டுக்கோ ஒரு பஸ். பிறகு தேனி, தேனியிலிருந்து ஊர். காலையில் வீட்டைப் பூட்டினால், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஊரில் கால் வைப்போம். குழந்தை அழும், பை கிழியும், ஒரு பஸ் தாமதித்தால் அடுத்தது தவறும். ஆயினும் கோபாலபுரத்தைத் தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு மெல்லத் தமிழாக மாறும். பழனியில் ஏறும் முதியவர், யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்காமல் உட்காரமாட்டார். ஊர் சேருமுன்பே ஊருக்கு வந்துவிட்ட உணர்வு உண்டாகிவிடும்.

2020 மார்ச்சு மாதம் பெருந்தொற்றின் காரணமாக இவையெல்லாம் நின்றன. மாநிலங்களுக்கிடையே பஸ் இல்லை. எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டில் வண்டி எண் குறிக்கப்பட வேண்டும். அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, எங்கள் தந்தையார் காலமானார் என்ற செய்தி வந்தது. நாங்கள் கணினியின் முன் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். பிரயாணத்தின் காரணம் என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை எழுதினோம். வாழ்நாளெல்லாம் படிவங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட கை, அந்த ஒரு சொல்லை எழுத நடுங்கிற்று. வண்டி எண் என்ற கட்டத்தில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. எங்களுக்குக் கார் கிடையாது. வாடகை வண்டிக்காரர்களோ, போய்த் திரும்பினால் பதினான்கு நாள் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டுமே என்று தயங்கினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நண்பர் ஒருவர் தம் காரைக் கொடுத்து உதவினார். அனுமதி மறுநாட் காலையில் கிடைத்தது. நாங்கள் ஊர் சேர்ந்தபொழுது சடங்குகள் முடிந்து, வாயிலில் தெளித்த நீரும் உலர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் இடையே பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கியது 2021 டிசம்பர் முதல் தேதியன்று. இடையில் கழிந்தவை இருபது மாதங்கள். அக்காலத்தில் கார் உள்ளவர் சீட்டைக் காட்டிக் கடந்தனர். கார் இல்லாதவரோ, தடைகள் தளர்ந்த பின்னரும், வாளையாற்றில் ஒரு பக்கத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்து கடந்து, மறுபக்கத்துப் பஸ்ஸில் ஏறினர். அந்தக் காட்சியைக் கண்ட பின்னரே நாங்கள் கடன் பெற்று ஒரு சிறிய கார் வாங்கினோம். ஆடம்பரத்திற்காக வாங்கவில்லை, அச்சத்தினால் வாங்கினோம் என்பதே உண்மை. நேயர்களிற் பலர் இக்காரணத்தை உணர்வார்கள்.

காரினால் விளைந்த நன்மைகளை மறைப்பதற்கில்லை. மூட்டு வலியுள்ள தாயாரை வீட்டு வாயிலில் ஏற்றி, மருத்துவமனை வாயிலில் இறக்க முடிகின்றது. நள்ளிரவில் செய்தி வந்தால் நள்ளிரவிலேயே புறப்பட முடிகின்றது. தேங்காய், அரிசி, ஊறுகாய்ச் சாடி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ஆனால் காரை வாங்கியவர் சில கடமைகளையும் வாங்கிக்கொள்கிறார். பிற மாநிலத்தில் வாழ்வோர் இவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கு மறுபதிவு செய்ய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. அதற்குப் பழைய பதிவு அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெறவேண்டும். புதிய மாநிலத்தில் வரியும் செலுத்தவேண்டும். அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களுக்காக 2021 செப்டம்பரில் பாரத் தொடர்ப் பதிவு என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. படைத்துறையினர், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகங்களை உடைய தனியார் நிறுவன ஊழியர் ஆகியோர் அதனைப் பெறலாம். வரியை இரண்டு இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தினால் போதும். வெள்ளைப் பலகை பொருத்திய சொந்த வண்டியில் கூலி பெற்று ஆட்களை ஏற்றுவது சட்டத்திற்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிற்கும் இடையூறு உண்டாகும். "பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்" என்று அறிமுகமில்லாதவர்களை அழைத்துச் செல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலைச்சாலையைப் பற்றியும் ஒரு சொல். போடிமெட்டுச் சாலையில் நாளும் பஸ் ஓட்டுபவருக்கு, எந்த வளைவில் பனி இறங்கும், எந்த வளைவில் சரளைக்கல் சிதறிக் கிடக்கும் என்பது மனப்பாடம். ஆண்டுக்கு இருமுறை காரோடு வரும் நமக்கு அது தெரியாது. இடம் குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மூத்தோர் வாக்கு. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிடும். சின்னாற்றுக் காட்டு வழியில் யானை நின்றால், ஒலிப்பானை அழுத்தாமல் தொலைவிலேயே நின்று காத்திருப்பதே அறிவுடைமை.

இனி, மற்றொரு காட்சியைச் சொல்ல வேண்டும். கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியுமுன்பே ஜீப்புகள் மலையேறுகின்றன. அவற்றில் இருப்பவர்கள் ஏலத்தோட்டத்து வேலைக்குச் செல்லும் பெண்கள். இருக்கைக்கு மேல் ஆட்கள். மடியில் சோற்றுத் தூக்கு. மாலையில் மீண்டும் அதே வளைவுகளில் இறங்கி வீடு சேர்வார்கள். தோட்டத்து நேரத்திற்கும் தோட்டத்து வழிக்கும் பஸ் இல்லாதபொழுது, அவர்களுக்கு வேறு வழி என்ன? இதுவும் பஸ்ஸுக்குப் பதிலான தனியார் வண்டிப் பிரயாணந்தான். நமக்கு அது வசதி. அவர்களுக்கு அது நெருக்கடி. அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு சென்ற ஜீப்புகள் இம்மலைகளில் கவிழ்ந்ததும், உயிர்கள் போனதும் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் செல்லலாம். அதே ஐம்பது பேர் இருவர் இருவராகக் காரில் சென்றால் இருபத்தைந்து கார்கள் வேண்டும். குறுகிய மலைச்சாலை அத்தனையையும் எப்படித் தாங்கும்? நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7-ஆம் தேதி முதல் மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று விதிக்கப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். அரசுப் பஸ்ஸில் செல்வோருக்கு அச்சீட்டு வேண்டியதில்லை. மலைக்குச் சுமையாவது எது என்பதை இந்த ஒரு வேறுபாடே விளக்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கையில் பணமுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பஸ்ஸை விட்டு இறங்கினால், வருவாய் குறைகின்றது. வருவாய் குறைந்தால் வழித்தடம் குறைகின்றது. கடைசி பஸ் நிறுத்தப்படும் நாளில், நிறுத்தத்தில் நிற்பவர் கார் வாங்க இயலாதவராகவே இருப்பார். அன்று அவருக்காகக் கேட்பதற்கு, பஸ்ஸில் செல்லும் பழக்கமுள்ள எழுத்தறிந்தவர் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்.

இவ்வெண்ணம் எங்களுக்குத் தானாகத் தோன்றியதன்று, தாயார் தோற்றுவித்தது. கார் வாங்கிய புதிதில் அவரைக் குமுளிக்கு அழைத்துச் சென்றோம். உத்தமபாளையத்திற்கு அப்பால், வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் கை நீட்டினர். நாங்கள் நிறுத்தாமல் சென்றுவிட்டோம். சிறிது தூரம் சென்றதும் தாயார் கேட்டார்: "ஏன் ஐயா, பின்னால் இடம் சும்மாதானே கிடக்கிறது? அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டால் என்ன?" சொந்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்று விளக்கத் தொடங்கினோம். "நான் கூலியா வாங்கச் சொன்னேன்?" என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை. நோய்க்காலத்து அச்சம் ஒரு காரணம். உண்மையில் அதற்குள் கார்க் கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களைப் பார்க்காமல் செல்லும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

அதன்பின் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நோயும் அவசரமும் இருந்தால் கார். பண்டிகைக்கும் சாதாரண விடுமுறைக்கும் பஸ். சென்ற பொங்கலுக்குப் பஸ்ஸிலேயே சென்றோம். பொள்ளாச்சியில் ஒரு பஸ் தவறிற்று. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகள் முணுமுணுத்தனர். பழனிக்கு அப்பால் ஒரு மூதாட்டி எங்கள் மகளை நெருங்கி அமர்ந்து, எந்த ஊர் என்று விசாரித்தார். பாலக்காடு என்றாள் அவள். "அது பிழைக்கப் போன ஊர், உன் ஊர் எது?" என்றார் அவர். மகள் சற்றுத் தயங்கி, எங்கள் சிற்றூரின் பெயரைச் சொன்னாள். அப்பெயரை அவள் வாயால் நாங்கள் கேட்டது நெடுநாளைக்குப் பிறகு.

கார் வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். தேவைக்கு அது வேண்டியதே. ஆயினும் பஸ்ஸை மறவாதிருப்போம். உங்கள் ஊருக்குச் செல்லும் பஸ் நின்றுபோயிருந்தால், போக்குவரத்துக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த முறை அதிலேயே ஏறிச் செல்லுங்கள். என்றோ ஒருநாள் ஒரு துயரச் செய்தி கேட்டு நள்ளிரவில் புறப்பட வேண்டிய யாரோ ஒருவருக்காக, அந்த பஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.