தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீரா?

ஆற்றில் இறங்கிக் குளிக்கிற சுகமே தனி. ஆனால் இறங்கும் முன்னால் ஒரு கேள்வி. நேற்று மழை பெய்ததா?

வாசலைக் கழுவுகிறோம். முதல் வாளித் தண்ணீர் எப்படி ஓடும்? அத்தனை அழுக்கையும் அள்ளிக்கொண்டு ஓடும். மழை ஊரையே அப்படித்தான் கழுவுகிறது. தெருக்குப்பை, சாக்கடை, மாட்டுச் சாணம் எல்லாம் ஆற்றில் போய்ச் சேர்கிறது.

பாரிஸ் நகரில் செய்ன் நதி ஓடுகிறது. 2024 ஒலிம்பிக்கில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஆண்கள் டிரையத்லான் போட்டியை அங்கே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். காரணம், மழைக்குப் பிறகு நதிநீர் கெட்டிருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். மனிதர், விலங்குகளின் குடலில் ஈ.கோலை என்ற பாக்டீரியா வாழ்கிறது. தண்ணீரில் அது அதிகமாக இருந்தால், மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு அது தெரியாது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் தெரியாது.

ஆகவே, பெருமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சாக்கடை கலக்கும் இடத்தில் இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் கரையிலேயே இருங்கள். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே நுழையும். குழந்தைகள் ஆற்றுநீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளித்த பிறகு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. மழை பெய்தால் பொறுங்கள். ஆறு எங்கும் போய்விடாது. நாளை மறுநாளும் நமக்காக ஓடும்.