ஆச்சியோடு பேச அவனுக்கும் உரிமை உண்டு

(மும்பை தாராவியில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுதிப் படித்த உரை)



நாங்கள் மேடை ஏறிப் பழகியவர்கள் அல்ல. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, விடிந்ததும் இட்லிப் பாத்திரத்தோடு தெருவில் இறங்குகிற குடும்பம். உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள் என்று சங்கத் தோழர்கள் கேட்டார்கள். இது எங்கள் வீட்டோடு முடிகிற கதையாக இருந்தால் வந்திருக்க மாட்டோம்.

எங்கள் மகனுக்கு வயது 14. ஆட்டிசம் உள்ளவன். சில சொற்கள்தான் பேசுவான். ஆட்டிசம் என்பது தொற்றுநோய் அல்ல, முன்வினையும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறப்பிலேயே உள்ள வேறுபாடு. தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். அது தவறு என்று அறிவியல் எப்போதோ தள்ளிவிட்டது. ஆனால் நம் தெருக்களில் அந்தப் பழி இன்னும் உயிரோடு உலவுகிறது.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒன்றரை நாள் ரயில் பயணம். நெரிசலும் சத்தமும் அவனுக்கு ஆகாது. ஆகவே ஊரில் இருக்கும் ஆச்சியை அவன் பார்க்க வழி, கைப்பேசி ஒன்றுதான்.

ஒரு பொங்கல் அன்று வீடியோவில் அழைத்தோம். அந்தப் பக்கம் பத்து முகம். சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "ஆச்சின்னு சொல்லு, சொல்லு" என்று கத்தினார்கள். அவன் காதைப் பொத்தினான். கைப்பேசியைத் தூக்கி எறிந்தான். "பிள்ளைக்கு மரியாதை சொல்லிக் கொடுக்கலையா?" என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது.

அதன்பின் நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறோம். ஆறு மாதம் அவனை ஒளித்து வைத்தோம். ஊருக்குப் பேசும்போதெல்லாம் "அவன் தூங்குறான்" என்றோம். ஊராரைக் குறை சொல்கிற நாங்களே அவன் கதவைச் சாத்தினோம்.

இன்னொரு தவறும் உண்டு. அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, பயிற்சி கொடுத்த ஓரிடத்தில், "இரண்டு மொழி இவனைக் குழப்பும். வீட்டில் தமிழை விடுங்கள், இந்தி மட்டும் பேசுங்கள்" என்றார்கள். படித்தவர்கள் சொல்கிறார்களே என்று கேட்டுக்கொண்டோம். உடைந்த இந்தியில் பிள்ளையைக் கொஞ்சினோம். வீட்டில் தாலாட்டு நின்றது. விளைவு என்ன? அவனுக்கு "பானி" தெரியும். ஆச்சிக்குத் "தண்ணி" தெரியும். நடுவில் நாங்கள் துபாஷி!

பல ஆண்டுகள் கழித்து, வேறோர் இடத்தில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் எங்களைத் திருத்தினார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெற்றோருக்கு எந்த மொழி இயல்பாக வருகிறதோ, அந்த மொழியில் பேசுவதே பிள்ளைக்கு நல்லது. தோழர்களே, 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்நகரில் கிளர்ச்சி நடந்தபோதும் நம் பெரியவர்கள் வீட்டுக்குள் தமிழை விடவில்லை. ஒரே ஒரு தவறான அறிவுரையில் நாங்கள் விட்டோம். உங்களில் யாரிடமாவது இப்படிச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

மறுபடி தொடங்கினோம். முதலில் திருத்த வேண்டியிருந்தது அவனை அல்ல, எங்களை.

ஞாயிறு மாலை ஐந்து மணி என்று நேரம் குறித்தோம். ஆச்சியின் படத்தை அட்டையில் ஒட்டி, முன்கூட்டியே அவனிடம் காட்டினோம். அந்தப் பக்கம் ஆச்சி மட்டும். ஐந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. "இங்கே பார், முகத்தைப் பார்" என்று கட்டாயப்படுத்துவதில்லை. பார்க்காமலே அவன் கேட்பான். ஒரு கேள்வி கேட்டால், மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த சொல். "போதும்" என்று ஓர் அட்டை செய்தோம். அதை அவன் எடுத்தால் உடனே பேச்சை முடிப்போம். போதும் என்றால் நிறுத்துவார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவன் அச்சமின்றி உட்கார்ந்தான்.

ஆச்சி "சாப்ட்டியா ராசா?" என்றால் அவனும் "சாப்ட்டியா ராசா" என்பான். கிளிப்பிள்ளை என்று முன்பு சிரித்தார்கள். அது வெற்றுச் சொல் அல்ல. கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்வது இத்தகைய பிள்ளைகள் பலர் பேசும் முறை. ஆச்சிக்கு அதை விளக்கினோம். இப்போது ஆச்சி, "நான் சாப்ட்டேன்யா" என்று பதில் சொல்கிறாள். ஆச்சியின் குரலைப் பதிவு செய்தும் அனுப்பச் சொன்னோம். அதை அவன் இருபது தடவை போட்டுக் கேட்பான். நேரில் பேசும்போது அந்த வசதி ஏது?

அவனுக்குச் சுழலும் மின்விசிறி பிடிக்கும். ஒரு நாள் ஆச்சி தன் வீட்டு விசிறியைப் போட்டு, கைப்பேசியை அதன் பக்கம் திருப்பினாள். அவன் சிரித்தான். இருவரும் சேர்ந்து ஐந்து நிமிடம் விசிறி பார்த்தார்கள். ஒரு சொல் இல்லை. அதுவும் பேச்சுதான், தோழர்களே!

சில மாதம் சென்றது. ஒரு புதன்கிழமை, ஞாயிறு அல்ல, அவனாகவே ஆச்சியின் அட்டையை எடுத்து வந்து எங்கள் கையில் வைத்தான். அன்று மாவு ஆட்டுகிற வேலையை நிறுத்திவிட்டு ஊருக்கு அழைத்தோம்.

இது எங்கள் கருணை அல்ல, அவன் உரிமை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. தகவல் தொடர்பு என்றால் வாய்ப்பேச்சு மட்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. எழுத்து, சைகை, படம், மாற்று முறைகள் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. எங்கள் மகனின் அட்டைக்கும் சட்டத்தில் இடமுண்டு!

சங்கத்திடம் மூன்று கேட்கிறோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, எழுதத் தெரியாத குடும்பங்களுக்கு உதவுங்கள். இத்தகைய பிள்ளைகள் உள்ள பெற்றோர் மாதம் ஒருமுறை கூட, சங்க அறையைத் திறந்து விடுங்கள். நம் கூட்டங்களுக்கு அவர்களையும் அழைத்து வரச் சொல்லுங்கள். சத்தம் போட்டால் போடட்டும். நாமும் மேடையில் சத்தம்தானே போடுகிறோம்?

பிழைக்க வந்த ஊரில் நம் குரலுக்கு மதிப்பு வேண்டும் என்று போராடுகிறவர்கள் நாம். நம் வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் குரல், அது எந்த வடிவில் வந்தாலும், கேட்கப்படாமல் போகலாமா?

இன்று ஞாயிறு. ஐந்து மணிக்கு நாங்கள் வீட்டில் இருக்க வேண்டும். விடை கொடுங்கள்.